ஊர் பார்க்கும் உரிமை யாருக்கு?

சென்ற மாதம் நம் சங்கச் செயற்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. கல்வி நிதியில் ஒரு பகுதியை எடுத்து, எஸ்.எஸ்.எல்.சி.யும் பி.யு.சி.யும் படிக்கும் நம் பிள்ளைகளை ஒரு வாரம் கல்விச் சுற்றுலாவுக்கு அனுப்புவது என்பது அந்தத் தீர்மானம். கொண்டு வந்தவன் நான். எதிர்த்தவர்கள் பலர். "நோட்டுப் புத்தகம் வாங்க வழியில்லாதவன் வீட்டில் ஊர் சுற்றப் பணமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "ஊர் சுற்றுவது பணக்காரன் வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு. அதற்குச் சங்கம் எதற்கு?" என்றார் இன்னொரு தோழர். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வைக்கப்பட்டது. அதற்குள் என் பக்கத்து நியாயத்தை இங்கே எடுத்து வைக்க ஆசிரியர் குழு இடம் கொடுத்திருக்கிறது.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் கிளார்க் வேலைக்கு வந்தவன். எங்களைப் போன்ற ஊழியர்களுக்கு ஆண்டுக்கு மூன்று செட் பாஸ் உண்டு. அதன் புண்ணியத்தால் என் மகள் பத்தாவது முடிப்பதற்குள் ஆக்ராவையும் கன்னியாகுமரியையும் பார்த்து விட்டாள். எங்கள் தெருவிலேயே ஒரு பெயிண்டர் மகன் இருக்கிறான். அவளோடு ஒரே வகுப்பில் படிக்கிறவன், அவளை விடக் கெட்டிக்காரன். அவன் இதுவரை செய்த ரயில் பயணங்களைக் கேட்டால் தாத்தா செத்ததற்கு ஒன்று, அத்தை கல்யாணத்துக்கு ஒன்று, குலதெய்வத்துக்குக் கிடா வெட்ட ஒன்று என்று மூன்று சொல்வான். மூன்றும் தர்மபுரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரே கிராமத்துக்குத்தான். நம் ஜனங்களின் பயணம் எல்லாம் சாவுக்கும் வாழ்வுக்கும் மட்டுமே நடக்கிறது. ஒரு ஊரைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஊருக்குப் போன பிள்ளை நம் சங்க உறுப்பினர் வீடுகளில் எத்தனை பேர்? கையை உயர்த்தச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஆனால் அதே பையனுக்கு பாரிஸ் நகரத்து ஈபெல் கோபுரம் தெரியும். லண்டன் தெரியும், வெனிஸ் தெரியும். எல்லாம் கைபேசியில்! மாணவர்கள் தோளில் ஒரு மூட்டையை மாட்டிக்கொண்டு ஐரோப்பாவில் நகரம் நகரமாகச் சுற்றுவதை அவன் மணிக்கணக்கில் பார்க்கிறான். "மாமா, அங்கே படிக்கிற பசங்க எல்லோருக்கும் அவ்வளவு காசு இருக்குமா?" என்று என்னிடம் ஒரு நாள் கேட்டான். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் என்னை இந்தத் தீர்மானம் வரை கொண்டு வந்தது.

ஐரோப்பாவிலும் முதலில் ஊர் சுற்றியவர்கள் பிரபுக்களின் பிள்ளைகள்தான். இங்கிலாந்தின் நிலச்சுவான்தார் வீட்டுப் பையன் படிப்பை முடித்ததும் ஆசிரியர் ஒருவரையும் வேலைக்காரனையும் கூட்டிக்கொண்டு பாரிஸ், ரோம், வெனிஸ் என்று இரண்டு மூன்று ஆண்டுகள் சுற்றி வருவான். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அது அவர்களுக்கு ஒரு குலவழக்கமாகவே இருந்தது. தொழிலாளி மகனுக்கு அதில் இடம் இல்லை. அந்த இடம் தானாக வந்து விடவில்லை, ஆட்கள் முயன்று உண்டாக்கினார்கள்.

ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1909 ஆகஸ்டில் தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு நடைப்பயணம் போனார். வழியில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோலைப் பரப்பி இரவைக் கழித்தார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடங்களையெல்லாம் பயணம் போகும் மாணவர்களுக்குத் தங்குமிடம் ஆக்கினால் என்ன என்ற எண்ணம் அந்த இரவில்தான் அவருக்கு வந்தது. 1912-ல் ஆல்டேனா என்ற ஊரில் உள்ள பழைய கோட்டையில் முதல் நிலையான இளைஞர் விடுதி தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் இளைஞர் விடுதிகளுக்கு அதுதான் மூலம். நம் மைசூரிலும் அப்படி ஒரு விடுதி உண்டு. அதில் தங்கிய மைசூர்த் தொழிலாளி மகன் யார் என்று கேட்காதீர்கள்.

தங்குமிடம் ஆயிற்று. வண்டிக்கு? 1972-ல் சர்வதேச ரயில்வே சங்கம் தன் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடியபோது ஐரோப்பிய ரயில்வேக்கள் சேர்ந்து ஒரு சீட்டு வெளியிட்டன. இன்டர்ரெயில் என்று அதற்குப் பெயர். 21 வயது வரை உள்ள இளைஞர் அந்த ஒரு சீட்டை வைத்துக்கொண்டு ஒரு மாதம் முழுவதும் 21 நாடுகளில் போகலாம். பகலெல்லாம் ஊர் பார்ப்பது, இரவில் ரயிலிலேயே படுத்து அடுத்த ஊரில் விழிப்பது, கையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் என்று ஒரு தலைமுறையே இப்படி ஊர் பார்த்தது. 2018-லிருந்து ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டுதோறும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளில் பலரைத் தேர்ந்தெடுத்து ரயில் பாஸை இலவசமாகவே கொடுக்கிறது. ஆகவே பெயிண்டர் மகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அவங்க எல்லோரும் பணக்காரர் இல்லைடா தம்பி. பல பேருக்கு சர்க்கார் வண்டிச் சத்தம் கொடுக்குது."

ஏன் கொடுக்கிறது? வெள்ளைக்காரனுக்குத் தன் பிள்ளைகள் மேல் நம்மை விட அதிகப் பாசம் என்பதாலா? இல்லை. அதற்குப் பின்னால் ஒரு அரசியல் இருக்கிறது. நம் சங்கம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

ரைன் என்று ஒரு நதி. சுவிட்சர்லாந்து மலையில் பிறந்து, ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் எல்லையாக ஓடி, ஜெர்மனிக்குள் புகுந்து, நெதர்லாந்தில் கடலைச் சேர்கிறது. அதன் கரையில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகரம் 1871-ல் ஜெர்மனிக்குப் போனது, 1918-ல் பிரான்சுக்கு வந்தது, 1940-ல் மறுபடி ஜெர்மனி, 1944-ல் மறுபடி பிரான்ஸ். எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று பெரிய யுத்தங்கள். இரு பக்கமும் செத்தவர்கள் லட்சக்கணக்கில். இனி இது போதும் என்று 1963 ஜனவரியில் பிரான்சின் டி கால் என்பவரும் ஜெர்மனியின் அடேனவர் என்பவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கையெழுத்தான அந்த ஆண்டிலேயே இரு அரசுகளும் பணம் போட்டு ஓர் இளைஞர் அலுவலகத்தைத் திறந்தன. அதன் வேலை என்ன தெரியுமா? இந்த நாட்டுப் பிள்ளைகளை அந்த நாட்டுக்கும், அந்த நாட்டுப் பிள்ளைகளை இந்த நாட்டுக்கும் ஊர் பார்க்க அனுப்புவது! அந்த வீட்டில் தங்கு, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடு, அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை பேசு. இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அப்படிப் போய் வந்திருக்கிறார்கள். 2017-லிருந்து ஸ்ட்ராஸ்பர்க்கில் டிராமில் ஏறினால், அது ரைன் நதிப் பாலத்தைத் தாண்டி ஜெர்மன் ஊரான கேல் வரை போகிறது. பாட்டன்மார்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட நதியைப் பேரப்பிள்ளைகள் டிராமில் தாண்டுகிறார்கள்.

இப்போது நம் நதிக்கு வருவோம். காவிரி என்று சொன்னாலே நம் வீடுகளில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள். 1991 டிசம்பரில் என்ன நடந்தது என்று நம்மில் பலருக்குத் தெரியும். அன்று ராத்திரி எந்தக் கன்னட வீட்டுக்காரர் தம் வீட்டுக் கதவைத் திறந்து நம்மை உள்ளே வைத்துக்கொண்டார் என்பதும் தெரியும். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவு எண் உள்ள பஸ்கள் எரிந்ததை நம் பிள்ளைகளே டி.வி.யில் பார்த்தார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, அதே ஆண்டு மேலாண்மை ஆணையமும் வந்து விட்டது. ஆனாலும் மழை குறைந்த ஆண்டில் பந்த் என்றதும் நாம் கடைப் பெயர்ப்பலகையில் உள்ள தமிழ் எழுத்தை மறைக்கத் துணி தேடுகிறோம். நீதிமன்றம் தண்ணீரைத்தான் பங்கு போட முடியும். பயத்தைப் போக்குவது நீதிபதிகளின் வேலை அல்ல.

கிருஷ்ணராஜசாகரைப் பார்த்த கன்னடப் பையன் மைசூரில் ஆயிரம் பேர் கிடைப்பான். கல்லணையைப் பார்த்தவன் ஒருவன் கிடைப்பானா? தஞ்சை மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் இங்கே பிருந்தாவனத்துக்கு வருகிறார்கள். ஆனால் வண்ண விளக்கு நீரூற்றைப் பார்த்துக் கைதட்டிவிட்டு பஸ் ஏறுகிறார்கள். மாண்டியாவில் கரும்பு நட்டவனோடு நாலு வார்த்தை பேசுவதில்லை. ஒரே நதியின் தண்ணீரைக் குடிக்கும் பிள்ளைகள் ஒருவர் ஊரை ஒருவர் பார்த்ததே இல்லை. பார்த்தாலும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறார்கள்.

அந்த பஸ் சுற்றுலாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரியில் தமிழ்நாட்டிலிருந்து வரும் பள்ளி பஸ்களை இந்த ஊரில் பார்க்காதவர் யார்? விடியற்காலையில் பிள்ளைகள் சாலையோரத்தில் பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள். ராத்திரி முழுவதும் பஸ், பகல் முழுவதும் க்யூ. சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை, அரண்மனை, ஸ்ரீரங்கப்பட்டணம், பிருந்தாவனம். ஐந்தும் ஒரே நாளில். அரண்மனையில் செருப்பை விடுவதற்கும் எடுப்பதற்கும் ஆகும் நேரம்தான் அதிகம். அன்று ராத்திரியே திரும்ப பஸ். ஓட்டுநருக்குத் தூக்கமில்லை. ஆசிரியருக்குத் தலை எண்ணுவதிலேயே நாள் முடிந்து விடுகிறது. ஐரோப்பாவுக்குக் காசு கொடுத்துப் போகிறவர்களில் பாதிப் பேர் பார்ப்பதும் இதே லட்சணத்தில்தான் என்று கேள்வி: ஏழு நாளில் ஐந்து நாடு, இறங்கு, படம் எடு, ஏறு! லட்சக்கணக்கில் செலவு செய்து பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகும் தனியார் பள்ளிகளும் இருக்கின்றன. விசாவுக்கு 30,000 யூரோ வரை மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும், வங்கி இருப்பைக் காட்ட வேண்டும். நம்மவர் வங்கிக் கணக்கைக் காட்டினால் விசா அதிகாரி சிரிப்பார். அந்தப் பேச்சை விட்டு விடுவோம்.

விடலாம். ஏனென்றால் ஐரோப்பாவைத் தேடி அவ்வளவு தூரம் போகாமலே பாதி ஐரோப்பா மைசூரில் நின்று கொண்டிருக்கிறது. அசோகா ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் பிலோமினா தேவாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1933-ல் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஜெர்மனியில் ரைன் நதிக் கரையில் இருக்கும் கொலோன் பேராலயத்தின் சாயலில் கட்டியது. கொலோன் கோபுரம் 157 மீட்டர். நம் ஊர்க் கோபுரம் 175 அடி, அதாவது மூன்றில் ஒரு பங்கு. கொலோன் கோயிலைக் கட்டி முடிக்க 1248-லிருந்து 1880 வரை ஆயிற்று. அந்தக் கோயிலின் வாசலிலேயே அந்த நகரத்தின் ரயில் நிலையம் இருக்கிறது என்பதை ரயில்வேக்காரன் என்ற முறையில் பெருமையோடு சேர்த்துக்கொள்கிறேன். லலித மகால் அரண்மனையின் கும்மட்டம் லண்டன் செயின்ட் பால் கோயிலைப் பார்த்துச் செய்தது. பெரிய அரண்மனையில் கல்யாண மண்டபத்தின் இரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் வார்த்துக் கப்பலில் வந்தவை. பழைய மர அரண்மனை 1897-ல் ஒரு கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்த பிறகு இதைக் கட்ட வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின் என்ற கட்டடக் கலைஞர். 1912-ல் கட்டி முடிந்தது. சென்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்கு வரைபடம் போட்டவரும் அவரே. அந்த எழும்பூர் நிலையத்தைக் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டியவர் யார் தெரியுமா? பெங்களூரைச் சேர்ந்த டி. சாமிநாத பிள்ளை. கர்நாடகத்துத் தமிழர் ஒருவர் தமிழ்நாட்டின் தலைநகரில் கட்டியது அது. இதை எந்தப் பாடப் புத்தகம் நம் பிள்ளைக்குச் சொல்கிறது?

பெயிண்டர் மகனின் அப்பா எத்தனையோ பெரிய கட்டடங்களுக்குச் சாரம் கட்டிச் சுண்ணாம்பு அடித்தவர். அந்தக் கட்டடங்களின் கதை அவருக்கு யாரும் சொன்னதில்லை; மகனுக்கும் சொல்லவில்லை. சுவருக்கு வெளியே சாரத்தில் தொங்கியவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. ஊர் பார்ப்பது பொழுதுபோக்கு என்று சொன்ன தோழருக்கு நான் சொல்லும் பதில் இது: நாம் கட்டுகிறோம், கூட்டுகிறோம், வெள்ளையடிக்கிறோம், பார்ப்பது மட்டும் வேறு ஒருவனுக்கு என்று விட்டுவிடுகிறோம்.

எதைப் பார்ப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. 1931 டிசம்பரில் பெரியார் கப்பல் ஏறினார். கிரீஸ், துருக்கி, சோவியத் நாடு, ஜெர்மனி, ஸ்பெயின், பிரான்ஸ், இங்கிலாந்து எல்லாம் சுற்றி 1932 நவம்பரில் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 52. மாணவர் அல்ல, ஆனால் மாணவனைப் போலப் பார்த்தார். சோவியத் நாட்டில் மட்டும் ஏறத்தாழ மூன்று மாதம் இருந்தார். இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் தொழிற்கட்சிக் கூட்டத்தில் பேசி, இந்தியச் சுரங்கத் தொழிலாளியின் கூலியைப் பற்றி அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார். கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்தக் கேள்வி வந்திருக்குமா? இன்னொருவர், செட்டிநாட்டு ஏ.கே. செட்டியார். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை படித்த மாணவர். 1937-ல் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போகும்போதுதான் காந்தியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. நாடு நாடாக அலைந்து துண்டுப் படங்களைச் சேர்த்து 1940-ல் படத்தை வெளியிட்டார். மாணவனாகப் பயணம் போனவன் கையில் கொண்டு வந்தது அது.

நம் பிள்ளைகளுக்கும் அப்படிப் பார்க்கக் கற்றுக் கொடுக்கலாம். சிவசமுத்திரத்துக்குப் போகிறவர்கள் அருவியைப் பார்க்கிறார்கள், மீன் வறுவல் சாப்பிடுகிறார்கள், வருகிறார்கள். அங்கே 1902-ல் தொடங்கிய மின் நிலையத்திலிருந்து முதல் மின்சாரம் எங்கே போனது? மைசூருக்கு அல்ல, பெங்களூருக்கும் அல்ல. கம்பி இழுத்து நேரே கோலார் தங்க வயலுக்குக் கொண்டு போனார்கள். அங்கே பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள். காவிரித் தண்ணீர் மின்சாரமாகி, அந்த மின்சாரம் தமிழனைச் சுரங்கத்தில் இறக்கி, அந்தத் தங்கம் லண்டனுக்குப் போயிற்று. 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். அருவியின் முன்னால் நிறுத்தி இதைச் சொன்னால் அந்தப் பையன் ஆயுசுக்கும் மறப்பானா?

சரி, பணம்? இங்கேதான் என் தொழில் பேச வேண்டும். இந்திய ரயில்வேயில் மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. சொந்த ஊருக்குப் போகவும் கல்விச் சுற்றுலாவுக்கும் இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பொதுப் பிரிவு மாணவர்களுக்கு 50 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 சதவீதம். கிராமப்புற அரசுப் பள்ளி என்றால் ஆண்டுக்கு ஒரு முறை கல்விச் சுற்றுலாவுக்கு இரண்டாம் வகுப்பில் எல்லோருக்குமே 75 சதவீதம். 2020 மார்ச்சில் முதியோர் சலுகை உட்படப் பல சலுகைகளை நிறுத்தினார்களே, அப்போதும் மாணவர் சலுகையில் கை வைக்கவில்லை. பலர் இதுவும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போகவில்லை. பள்ளித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள படிவத்தைக் கவுண்ட்டரில் கொடுத்தால் கிடைக்கும். கைபேசியில் பொத்தானை அழுத்தினால் கிடைக்காது. அதனால்தான் இன்றைய ஆசிரியர்களுக்கே இது தெரிவதில்லை. வந்தே பாரத் போன்ற வண்டிகளில் இது செல்லாது. நமக்கு அந்த வண்டியும் வேண்டாம்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. கல்விச் சுற்றுலாவைப் பள்ளியே நடத்த வேண்டும். சங்கத்தின் பெயரில் சலுகை கிடையாது. ஒரு பள்ளிக்கு, பெயர் வேண்டாம், நானே மூன்று முறை நடந்தேன். படிவத்தைப் புரட்டிப் பார்த்த தலைமையாசிரியர், "ரயிலில் போனால் பொறுப்பு யார் ஏற்பது? பஸ் என்றால் காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார்" என்றார். பஸ் காண்ட்ராக்டரிடம் வாங்கும் விலையில் பாதியில் வேலை முடியும் என்று கணக்கெழுதிக் கொடுத்தேன். "பார்க்கலாம்" என்றார். அந்தப் பார்க்கலாம் இன்னும் முடியவில்லை. பிள்ளைகளை அடிக்கடி தலை எண்ணும் தொல்லை ரயிலில் குறைவு, ஓட்டுநர் தூங்கிவிடுவாரோ என்ற கவலை இல்லை, கக்கூஸ் உண்டு. இதையெல்லாம் பெற்றோர் நாலு பேராகப் போய்ச் சொன்னால் பேச்சு மாறும். ஒருவனாகப் போனால் பார்க்கலாம்தான்.

பள்ளிதான் நடத்த வேண்டும் என்னும்போது இன்னொரு சண்டையும் தானாகத் தீர்ந்து விடுகிறது. செயற்குழுவில் சிலர், "சங்கப் பணம் தமிழன் பணம், தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் போகட்டும்" என்றார்கள். பள்ளிச் சுற்றுலாவில் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் கன்னடப் பிள்ளையும் உருது பேசும் பிள்ளையும் வருவார்கள். வரத்தான் வேண்டும் என்பது என் கட்சி. அவர்கள் செலவை அவர்கள் வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். நம் நிதி நம் உறுப்பினர் பிள்ளைகளுக்கு மட்டுமே. நாம் தனியாகத் தமிழ்ப் பிள்ளைகளை மட்டும் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போனால், அவர்கள் பெருமையோடு திரும்பி வருவார்கள், அவ்வளவுதான். கன்னடத் தோழனும் கூட வந்து, கல்லணையில் நின்று, இவ்வளவு தண்ணீர் எங்கே போகிறது, வராத ஆண்டில் இந்த நெல் வயலின் கதி என்ன என்று தன் கண்ணால் பார்த்தால்? நம் பையனும் மாண்டியா விவசாயியிடம் அதே கேள்வியைக் கேட்டால்? பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் அரசாங்கப் பணத்தில் செய்ததை நாம் ஒரு வகுப்பளவில் செய்யலாம். பயம் என்று வரும் ராத்திரியில் நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கப் போகிறவன் அந்தத் தோழன்தான்.

"டியூஷனுக்குக் கொடுங்கள், மார்க் வாங்குவான்" என்று சொல்லும் பெரியவருக்கு மரியாதையோடு ஒன்று சொல்வேன். டியூஷனுக்கும் கொடுப்போம், கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் 1921-ல் ராதாகிருஷ்ணன் மைசூர்ப் பல்கலைக்கழகத்தை விட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் குதிரையை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை நம் ரயில் நிலையம் வரை இழுத்து வந்தார்கள் அல்லவா, மார்க்குக்காகவா இழுத்தார்கள்? உலகத்தை அவர்களுக்குத் திறந்து காட்டினார், அதற்காக இழுத்தார்கள்.

பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்ற பேச்சு இன்னும் வரவில்லை, வரும். அதற்கு முன்பே சொல்லி விடுகிறேன். பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை வீட்டிலிருந்து படிக்கும் இடத்துக்குப் போய்வர இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டை ரயில்வே இலவசமாகவே கொடுக்கிறது. ரயில்வேக்கு இருக்கும் நம்பிக்கை பெற்றவருக்கு வேண்டாமா? இரண்டு ஆசிரியைகளும் உறுப்பினர் வீட்டுத் தாய்மார் இருவரும் கூடப் போகட்டும். அந்தத் தாய்மாருக்கும் இதுவே முதல் பயணமாக இருக்கும்.

வழி எது என்று கேட்டார்கள். சாமராஜநகரோடு தண்டவாளம் முடிந்து விடுகிறது. அங்கிருந்து சத்தியமங்கலம் பக்கம் இணைப்பு வேண்டும் என்ற கோரிக்கை காட்டையும் யானைகளையும் முன்னிட்டு நிற்கிறது. அந்தக் காரணம் பொய்யல்ல. ஆகவே பெங்களூர் சுற்றித்தான் போக வேண்டும். மைசூரிலிருந்து மாலையில் மயிலாடுதுறைப் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியைத் தாண்டும். சேலம், கரூர் போய், விடியும் நேரத்தில் திருச்சி, தஞ்சை வட்டாரத்தில் மறுபடி காவிரிக்கே வந்து சேரும். மொத்தத்தில் நதியோடு கூடவே போகும் பயணம். கல்லணை ஒரு நாள், தஞ்சாவூர் ஒரு நாள், பூம்புகாரில் நதி கடலில் கலக்கும் இடம் ஒரு நாள். திரும்பும்போது சேலத்தில் இறங்கி மேட்டூர் அணை. மைசூரும் சென்னை மாகாணமும் 1924-ல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு எழும்பி 1934-ல் முடிந்தது அது. புறப்படுவதற்கு முந்திய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூரிலேயே பிலோமினா கோயில், கே.ஆர்.எஸ். சாலையில் உள்ள ரயில் அருங்காட்சியகம், கிருஷ்ணராஜசாகர், சிவசமுத்திரம். சொந்த ஊரைப் பார்க்காதவனை வெளியூருக்கு ஏற்றக் கூடாது.

அடுத்த செயற்குழுவில் இது ஓட்டுக்கு வருகிறது. அதற்கு முன் இரண்டு பள்ளிகளிலாவது தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிட வேண்டும். காலை ஒன்பதரைக்குப் பள்ளி வாசலில் என்னோடு வந்து நிற்க ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளை படிக்கும் நாலு பெற்றோர் தேவை. பேர் கொடுப்பவர்கள் சங்க அலுவலகப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகவும். அரை நாள் கூலி போகும் என்பவர்களுக்கு அதைச் சங்கம் ஈடு செய்யும் என்று பொருளாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.